ஜேர்மன் கடிதத்தை முடிக்கும் விதம்

டோட்முண்ட்
09.01.2024

அன்புள்ள லவீனாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் தம்பி றெஜியும் சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இந்தக் காலத்தில் ஆரப்பா தபாலில் கடிதம் போடுகிறது என்று சிரிப்பாய். சிரி, சிரி. சிரித்து முடிந்ததும் பேனையை எடு.

உங்கள் கலியாணப் பதிவு எழுத்து முடிந்து றெஜி இங்கே திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. நீ ஜேர்மன் சோதினை பாஸ் பண்ணினால்தான் விசா. "அவளுக்கு மற்றதெல்லாம் சரி அக்கா, எழுத்திலதான் புள்ளி போகுது" என்று நேற்றும் குறைப்பட்டான். சோதினையில் ஒரு சின்னக் கடிதம் கையால் எழுதவேண்டும். நீ எழுதி எனக்கு அனுப்பு, நான் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புகிறேன். ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற மச்சாள் என்ன படிப்பிக்கப் போகிறா என்று நினையாதே. இந்த நாட்டில் இருபது வருசத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோர்களுக்கு எழுதி எழுதியே என் தலைமயிர் நரைத்தது.

முதல் பாடம், முடிவு. நாங்கள் கடிதத்தைத் தொடங்கத்தான் பாடுபடுவோம். சுகம் கேட்டு, ஆண்டவரைக் கும்பிட்டு, அரைப் பக்கம் போய்விடும். முடிக்கும்போது "வேறு விசேஷம் இல்லை" என்று கையைத் தட்டிவிட்டு எழும்பிவிடுவோம். இவர்களோ முதலில் முடிவைத்தான் பார்ப்பார்கள். எழுதியது ஆர், எனக்கு என்ன முறை என்று. தெரியாத ஆளுக்கு எழுதினால் "மிற் ஃப்ரொயின்ட்லிஹன் க்ரூஸன்" என்று முடி. சிநேகமான வணக்கங்களுடன் என்று அர்த்தம். அதன் கீழே உன் முழுப்பெயர். பெயரில்லாத கடிதத்தை இங்கே ஒருவரும் கடிதமாகவே எடுக்கமாட்டார்கள்.

பயிற்சி: நீ நாலாம் மாடியில் இருக்கிறாய். இரண்டாம் மாடியில் இருக்கிற அம்மாவுக்கு எழுது. என் வீட்டைப் பூட்டுகிற திறப்பு தொலைந்துவிட்டது, உதவி செய்யுங்கள்.

எங்கள் தபால்பெட்டி உடைந்து கிடக்கிறது. அதனால் உறையில் இரண்டாம் மாடி லிண்ட்னர் அம்மாவின் பெயரைப் போட்டு, மூலையில் "றொசாந்திக்கு" என்று எழுது. தங்கமான மனுசி, பிரிக்காமல் தருவா. றெஜிக்கு இதைச் சொல்லாதே. நீ நல்ல புள்ளி எடுத்த பிறகு அவன் ஆச்சரியப்படட்டும்.

அன்பு மச்சாள்
றொசாந்தி


குருநகர்
27 ஜனவரி 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "ஜேர்மனியால கடிதம் வந்து எத்தினை காலம்" என்று முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அம்மா கடிதத்தைக் கண்ணில் ஒற்றினா. அப்பா வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர், "செபநாயகத்தின்ரை மேள் இப்ப வெள்ளைக்காரி" என்று தன் பெயரைத் தானே சொல்லித் தெருவுக்குக் கேட்கச் சொன்னார்.

வகுப்பு மருதனார்மடத்தில், சந்தைக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடியில் நடக்கிறது. கீழே வெங்காய மூட்டை இறக்குகிற சத்தம், அங்காலே ஆஞ்சநேயர் கோயில் மணி, நடுவிலே எங்கள் கேதீஸ்வரி ரீச்சரின் ஜேர்மன். ரீச்சரும் நீங்கள் சொன்ன முடிவைத்தான் சொல்லித் தந்தா. ஆனால் எனக்கு ஒரு குறை, மச்சாள். நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொன்னால் அம்மா அடிக்க வருவா, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். இவர்கள் கடிதத்தில் அப்படித் திரும்பி வருகிற சொல் ஒன்றும் இல்லையே! வணக்கம் சொல்லிப் பெயரைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

றெஜியைப் பற்றிக் கேட்கமாட்டீர்களா? உங்கள் தம்பி என்னைத் தனியாக விடுவதேயில்லை. போனில்தான் சொல்கிறேன். பஸ் ஏறினால் ஒரு படம் அனுப்பவேண்டும், இறங்கினால் ஒரு படம். வகுப்பில் பக்கத்தில் ஆர் இருக்கிறார்கள் என்று ஒரு படம். என் வாட்ஸ்அப்பைத் தன்னுடைய கொம்பியூட்டரிலும் திறந்து வைத்திருக்கிறார், பாடத்துக்கு உதவி செய்யவாம். "உன்ரை மனுசனுக்கு உன்னில அவ்வளவு ஆசையடி" என்று மேர்சி பொறாமைப்படுகிறாள். மேர்சி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, எல்லாவற்றுக்கும் பொறாமைப்படுவாள்.

பயிற்சி இத்துடன் இருக்கிறது. திறப்பைத் தொலைத்துவிட்டேன். ஏசாமல் திருத்துங்கள்.

போட்டு வாறன்,
லவீனா


டோட்முண்ட்
13.02.2024

அன்புள்ள லவீனா,

எழுத்து நல்லது. பிழைகள் சிவப்பில் இருக்கின்றன. பெயரை முழுதாக எழுதவில்லை நீ. வெறும் "லவீனா" என்றால் அந்த அம்மா என்ன செய்வா? எந்த லவீனா, எந்த வீடு? முழுப்பெயர் எழுது. உன் கொப்பரின் பெயரோடு எழுது.

படம் அனுப்புகிற கதையை இரண்டு தரம் வாசித்தேன். வாட்ஸ்அப்பில் எனக்கு ஒன்றும் எழுதாதே. போனும் எடுக்காதே. என் பெயரையே அதில் எழுதாதே. கடிதம் மட்டும் போதும். ஏன் என்று கேளாதே. நாளை விபூதிப் புதன், கோயிலுக்குப் போகவேண்டும், தலை இடிக்கிறது.

இரண்டாம் பாடம். சொந்தக்காரருக்கு எழுதினால் "டைனெ" என்று முடிக்கலாம். "உன்னுடைய" என்று அர்த்தம். உன்னுடைய லவீனா, உன்னுடைய றொசாந்தி. பார்த்தியா, திரும்பி வருகிற சொல் இல்லாவிட்டாலும் இவர்களிடம் தன்னையே கொடுத்துவிடுகிற சொல் இருக்கிறது. சிநேகமானவர்களுக்கு "லீப க்ரூஸ", அன்பான வணக்கங்கள். ஆனால் கந்தோர்க்காரருக்குப் போடுகிற அந்த "மிற் ஃப்ரொயின்ட்லிஹன் க்ரூஸன்" என்ற சிநேக வணக்கத்தை எனக்கு ஒருநாளும் போடாதே. நானும் உனக்குப் போடமாட்டேன். அப்படிப் போட்டு ஒரு கடிதம் வந்தால் அதை எழுதினது உன் மச்சாள் இல்லையென்று நினை. பகிடிக்குச் சொல்லவில்லை.

றெஜிக்கு இந்த முடிவுகளெல்லாம் ஒன்றுதான். வந்த கடிதத்தில் தனக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பான், கடைசி வரியை எட்டிப் பார்க்கவும் மாட்டான். சின்னனிலிருந்தே அப்படி. அம்மா செத்தபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

பயிற்சி இரண்டு. அதே லிண்ட்னர் அம்மாவுக்கு எழுது. ஒன்று: நான் வீட்டுக்குள் இருக்கிறேன், கதவு வெளியே இருந்து பூட்டியிருக்கிறது. மற்றது: என் பாஸ்போட் என்னிடம் இல்லை. இரண்டையும் பார்க்காமல் எழுத வரும்வரை எழுது. இருட்டிலும் எழுத வரவேண்டும்.

டைனெ
றொசாந்தி


குருநகர்
2 மார்ச் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கு என்ன, பூட்டு விசரோ? ஒரு பயிற்சியில் திறப்பு தொலைகிறது, அடுத்ததில் கதவு பூட்டிக் கிடக்கிறது, அதற்கடுத்ததில் பாஸ்போட்டைக் காணவில்லை! கேதீஸ்வரி ரீச்சரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா. "பிள்ளை, சோதினைக்கு இது வராது. பிறந்தநாளுக்குக் கூப்பிடுறது, டொக்டரிட்டை நேரம் மாத்துறது, உப்பிடித்தான் வரும். உவ ஆர் உனக்குப் படிப்பிக்கிறது?" என்று கேட்டா. மனுசன்ரை அக்கா என்றேன். வகுப்பு முடிந்து ரீச்சர் பஸ் வரும்வரை என்னோடு சந்தியில் நின்றா. ஏன் நின்றா என்று எனக்கு விளங்கவில்லை.

இனி நான் பகிடி விடவில்லை. போன கிழமை வகுப்பில் எடுத்த படத்தில் எனக்குப் பின்னால் உள்ள வாங்கிலில் ஒரு பொடியன் இருந்தான், சண்டிலிப்பாயிலிருந்து வருகிறவன், பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. றெஜி அந்தப் படத்தைப் பெருப்பித்துத் திருப்பி அனுப்பி, "உவன் ஆர்?" என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. அன்று இரவு முழுக்க வீடியோவில் போனை வைக்க விடவில்லை. ஏசவும் இல்லை, மச்சாள். ஒன்றும் கதைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா, "தவக்காலம், பொறுத்துக் கொள்" என்றா.

அதனால் உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அவருடைய முதல் மனுசி யசிந்தாவுக்கு மூளை சரியில்லை, வீட்டை விட்டு ஓடிவிட்டா, பிறகு பிரிவு எழுதியாகிவிட்டது என்று எழுத்துக்கு முன்னமே எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் மேலே கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. "உங்கள் பிள்ளையை றெஜிக்குக் கொடுக்காதீர்கள்" என்று ஒரே வரி, கொழும்பில் போட்டது. அப்பா, "பேர் போடத் துணிவில்லாததின்ரை கதையை நான் ஏன் கேக்கோணும்" என்று கிழித்துக் கடலில் எறிந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் மொட்டைக் கடிதம் வராத வீடு எது? எல்லாம் எரிச்சல் பிடித்த சனத்தின் வேலை. அப்படித்தான் நானும் நினைத்தேன்.

யசிந்தா ஏன் ஓடினா, மச்சாள்?

பயிற்சிகள் இத்துடன் உண்டு. அப்பாவின் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

டைனெ
லவீனா


டோட்முண்ட்
20.03.2024

என் லவீனா,

இந்தக் கடிதத்தை வேலைத்தலத்தில், துணி மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் இருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியாது.

யசிந்தா ஓடவில்லை. ஓட அவளுக்குக் கதவு எங்கே திறந்திருந்தது? றெஜி வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான். நான் அப்போது வேறு இடத்தில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். அவள் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பாஸ்போட் அவனிடம், போன் அவனிடம். அவளுக்கு ஜேர்மன் தெரியாது. யன்னலால் தமிழில் கூப்பிட்டிருக்கிறாள். கீழே போகிறவர்கள் மேலே பார்த்துக் கையசைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒருநாள் ஒரு துண்டு எழுதிப் பலகணியால் கீழே விட்டிருக்கிறாள். காற்று அதை லிண்ட்னர் அம்மாவின் பூச்சட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. அந்த அம்மா எடுத்து வாசித்தா. அவளுக்குத் தெரிந்த இரண்டே ஜேர்மன் சொல், "கதவு. தயவுசெய்து." தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, பெயர் இல்லை. ஆரோ சின்னப்பிள்ளை விளையாடுகிறது என்று விளம்பரக் கடுதாசிகளோடு சேர்த்து வைத்துவிட்டா. மாரி முடியும்வரை அது அங்கேயே கிடந்தது. பிறகு யசிந்தா குசினிக் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே இருந்திருக்கிறாள். தண்ணீர் ஆளில்லாமல் கிடந்த மூன்றாம் மாடியைத் தாண்டி இரண்டாம் மாடி முகட்டால் ஒழுகியது. ஏசுவதற்கு மேலே ஏறி வந்த லிண்ட்னர் அம்மாவுக்குக் கதவுக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. பொலிஸ் வந்துதான் திறந்தது. யசிந்தா உயிரோடு இருக்கிறாள், வேறு ஊரில். என்னோடு கதைக்கமாட்டாள். அவளில் பிழை இல்லை.

அந்தத் துண்டை லிண்ட்னர் அம்மா எனக்குக் காட்டி அழுதா. "ஒரு பெயர் இருந்திருந்தால்" என்று மட்டும் சொன்னா. இப்போது விளங்குகிறதா நான் உன்னை ஏன் வதைக்கிறேன் என்று?

அதற்குப் பிறகுதான் றெஜியோடு வந்து இருக்கிறேன், கண் பார்வையில் வைத்திருக்கலாம் என்று. இப்போது ஆர் ஆரைக் கண் பார்வையில் வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. போன கிழமை எங்கள் கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து போட்டான். "லவீனா வரப்போறாள் அக்கா" என்றான். சந்தோசமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பயம்.

அந்த மொட்டைக் கடிதம் நான் எழுதியது. ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துக் கொழும்பில் போடச் சொன்னேன். கொப்பர் கிழித்தது நியாயம். இன்று பெயர் போட்டு எழுதுகிறேன், கிழிக்கச் சொல்லாதே. நீ வராதே. சோதினை எழுதாதே. விசா வந்தாலும் வராதே.

டைனெ
றொசாந்தி மரியநாயகம்


குருநகர்
10 ஏப்ரல் 2024

மச்சாள்,

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாதியில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. "எழுத்து முடிஞ்ச பிள்ளையடி நீ. சனம் என்ன சொல்லும்? நீ நல்லா நடந்தால் அவனும் நல்லா நடப்பான்" என்று குசினிக்குள்ளிருந்து சொன்னா. அப்பா நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கைதான் அதைக் கிழிச்சது" என்றார். பிறகு, "என்ரை பிள்ளை போகாது" என்றார். அம்மா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை.

எனக்கு உங்களில் கோபம், மச்சாள். பாசமும்தான், ஆனால் கோபம்தான் கூட. எழுத்துக்கு முதல் என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கக்கூடாதா? நான் அவருக்காக நேர்த்தி வைத்தேன். அவருக்குப் பிடித்த நிறத்தில் சீலை எடுத்து வைத்திருக்கிறேன். அதை இப்போது என்ன செய்கிறது?

சரி, விடுங்கள். சோதினைக்கு நான் போகவில்லை. நேற்று றெஜி வீடியோவில் கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன், நான் வரவில்லை, பிரிவு எழுதுவோம் என்று. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஆர் உனக்கு என்ன சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். "அக்காவோ?" என்றார். நான் இல்லையென்று சொல்லியிருக்கவேண்டும், மச்சாள். எனக்கு வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். "அக்கா இப்ப வேலையால வாற நேரம். கதவைத் திறந்து விடோணும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

என்னை மன்னியுங்கள். அந்த வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள், இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே. வெளிக்கிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

டைனெ
லவீனா


டோட்முண்ட்
29.04.2024

அன்புள்ள லவீனாவுக்கு,

நானும் தம்பி றெஜியும் நலம். நீங்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம். முன்னர் நான் எழுதிய விடயங்கள் யாவும் எனது மனக்குழப்பத்தினால் எழுதப்பட்டவை. அவற்றில் உண்மை எதுவும் இல்லை. இப்பொழுது வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். வேண்டியவை எல்லாவற்றையும் றெஜி வாங்கித் தருகிறான். நான் வெளியே போகவேண்டிய தேவை இல்லை.

எங்கள் தபால்பெட்டி திருத்தியாகிவிட்டது. இனிமேல் இரண்டாம் மாடி விலாசத்துக்கு எழுதவேண்டாம். நேராக எங்கள் விலாசத்துக்கே எழுதவும். உனது கடிதங்களை றெஜியும் வாசிக்க விரும்புகிறான். ஆடி மாதம் அவன் யாழ்ப்பாணம் வந்து உன்னை நேரில் கண்டு கதைப்பான். அதுவரை பெற்றோருடன் வீட்டிலேயே இருக்கவும்.

வேறு விசேஷம் இல்லை.

மிற் ஃப்ரொயின்ட்லிஹன் க்ரூஸன்
றொசாந்தி


குருநகர்
14 மே 2024
(ஜேர்மன் மொழியில்)

மதிப்புக்குரிய லிண்ட்னர் அம்மாவுக்கு,

என் பெயர் லவீனா செபநாயகம். நான் இலங்கையில் இருக்கிறேன். உங்கள் பெயரை உறைகளில் எழுதியது நான். அந்தக் கடிதங்கள் உங்களுக்கு அல்ல. இந்தக் கடிதம் உங்களுக்கு.

நாலாம் மாடியில் றொசாந்தி இருக்கிறார். அவர் என் கணவரின் அக்கா. அவர் எனக்கு ஜேர்மன் எழுதப் படிப்பித்தார். ஒரு கடிதத்தை எப்படி முடிப்பது என்று படிப்பித்தார். குடும்பத்துக்கு "டைனெ" என்று எழுதவேண்டும் என்று சொன்னார். நேற்று அவருடைய கடிதம் வந்தது. அதன் முடிவில் "மிற் ஃப்ரொயின்ட்லிஹன் க்ரூஸன்" என்று இருக்கிறது. நான் அவருக்குக் குடும்பம். அவர் எனக்கு அப்படி எழுதமாட்டார்.

அவர் வீட்டுக்குள் இருக்கிறார். கதவு வெளியே இருந்து பூட்டியிருக்கிறது. அவருடைய பாஸ்போட் அவரிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

உங்களிடம் முன்னர் ஒரு துண்டு வந்தது. "கதவு. தயவுசெய்து." அதில் பெயர் இல்லை. இதில் பெயர் இருக்கிறது. விலாசமும் இருக்கிறது.

என்னால் போனில் ஜேர்மன் வேகமாகக் கதைக்க முடியாது. எழுத முடியும். அதனால் கூரியரில் எழுதி அனுப்புகிறேன். தயவுசெய்து பொலிசைக் கூப்பிடுங்கள். தனியாக மேலே போகவேண்டாம். நாளைக்கு என்று வைக்கவேண்டாம். இன்றைக்கே செய்யுங்கள்.

பிழைகள் இருந்தால் மன்னித்துக் கொள்ளுங்கள். திருத்துகிறவர் நாலாம் மாடியில் இருக்கிறார்.

மிற் ஃப்ரொயின்ட்லிஹன் க்ரூஸன்
லவீனா செபநாயகம்